லேபிள் இல்லாத வீடு

ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் பாட்டில்களின் முதுகைப் படிப்பதுதான் என் வேலை. முகத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதில் ஆரஞ்சுப் பழம் இரண்டாகப் பிளந்து சாறு தெறிக்கும், ஒரு பெண் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பாள், ‘வைட்டமின் சி நிறைந்தது’ என்று வளைத்து வளைத்து எழுதியிருக்கும். என் பிழைப்பு பின்பக்கம். எவ்வளவு சர்க்கரை, என்ன சாயம், யார் குடிக்கக் கூடாது, ஒரு நாளைக்கு எவ்வளவுக்கு மேல் வேண்டாம் என்பதெல்லாம் அங்கேதான் எறும்பு எழுத்தில் இருக்கும். போடச் சொல்லிச் சட்டம் இருக்கிறது, கம்பெனியும் போடுகிறது. யாரும் தப்பித் தவறிப் படித்துவிடாத அளவில் போடுகிறது.

எங்கள் பான ஆலையில் அரை மணிக்கு ஒரு முறை வரிசையிலிருந்து இருபத்துநாலு பாட்டில் எடுத்து விளக்குப் பலகை முன் நிறுத்துவேன். லேபிள் கோணலா, பசை வழிகிறதா, தேதி பதிந்திருக்கிறதா, எழுத்து எதுவும் அழிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். ஓர் எழுத்தில் பாதி போயிருந்தாலும் வரிசையை நிறுத்திவிடுவேன். பதினாறு வருஷத்தில் என் கையைத் தாண்டி ஒரு கோணல் லேபிள் கடைக்குப் போனதில்லை. ஆலையில் எனக்கு லேபிள் அக்கா என்றுதான் பெயர். மேனேஜருக்கு என் நிஜப் பெயர் தெரியுமா என்பதே சந்தேகம்.

ஆரஞ்சு பானத்தில் ஆரஞ்சு எங்கே என்று கேட்காதீர்கள். அந்தக் கட்டடத்துக்குள் நான் ஓர் ஆரஞ்சைப் பார்த்தது ஒரே ஒரு நாள்தான், பக்கத்து மேசைக்காரி டிபன் பையில் கொண்டுவந்தாள். சர்க்கரை மூட்டையில் வரும், வாசனை கேனில் வரும், வைட்டமின் வெள்ளைப் பொடியாகப் பொட்டலத்தில் வரும். ஒரு தொட்டிக்கு ஒரு பொட்டலம். அதைப் பிரித்துக் கொட்டுகிற ஆள், கொட்டி முடித்ததும் குழாயடிக்குப் போய்த் தண்ணீர்தான் குடிப்பார். இவ்வளவும் தெரிந்தவள் என்பதால், காசு கொடுத்து இதை வாங்கிக் குடிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஓர் இளக்காரம் உண்டு. நான் ஏமாறுகிறவள் இல்லை என்ற நினைப்பு. அந்த நினைப்புதான் என்னைக் கவிழ்த்தது.

வீட்டுக்கு வந்தபின் எங்காவது எழுத்தைக் கண்டால் எனக்குக் கண் எரியும். கடையிலிருந்து எது வந்தாலும் முதல் வேலை, அதை வெந்நீரில் ஊறப்போட்டு, லேபிளை உரித்து, மிச்சப் பசையை நாரால் தேய்ப்பது. அட்டைப் பெட்டி என்றால் கிழித்துக் குப்பை. உள்ளே இருப்பது கண்ணாடி பாட்டிலுக்குப் போய்விடும். எங்கள் சமையலறை அலமாரியில் முப்பது பாட்டில் ஒரே உயரத்தில் நிற்கும், ஒன்றிலும் ஒரு பொட்டு எழுத்து இருக்காது. எது எதில் என்று எனக்குத் தெரியும், அது போதாதா? என் வீட்டுக்காரர்தான் ஒரு முறை காபியில் உப்பைப் போட்டுக்கொண்டார். இன்னொரு முறை சோடா உப்பு.

“ஒரு பேர் எழுதி ஒட்டினா என்ன கொறஞ்சு போயிடும்?” என்று கேட்டார்.

“நாள் பூரா படிக்கறேங்க. இங்க வந்தும் படிக்கணுமா?”

எதற்குமே இரண்டாவது வாக்கியம் பேசுகிறவர் இல்லை அவர்.

அவர் டவர் கிரேன் ஓட்டுகிறவர். அப்போது இருபத்திரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. அதற்கும் மேலே வானத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதில் ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடி, ஒரு வாக்கி டாக்கி. காலையில் ஏணியில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். சாப்பாடு மேலேயே. ஒன்றுக்கு வந்தால் அதற்கும் ஒரு பாட்டில் உண்டு. இறங்கி ஏற முக்கால் மணி நேரம் ஆகும், அதுவரை கீழே நூறு பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பதால் யாரும் இறங்குவதில்லை. கீழே வேலை செய்கிறவர்கள் அவரை ‘மேல இருக்கறவர்’ என்பார்கள்.

“பயமா இருக்காதா அங்க?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“அங்க ஏறிட்டா யாரும் கையில எதையும் திணிக்க மாட்டாங்க” என்றார்.

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். இப்போது நினைத்தால் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

வருஷத்துக்கு ஒரு முறை அவருக்குக் கட்டுமானக் கம்பெனி டாக்டரிடம் உடல் பரிசோதனை. தேறினால் கூண்டு, தேறாவிட்டால் தரை. அவரோடு ஒன்றாக வேலை கற்றுக்கொண்ட ஒருவர் முந்தின வருஷம் தேறவில்லை. அந்த மனிதர் இப்போது சிமென்ட் கிடங்கு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, உள்ளே வருகிற லாரிகளின் நம்பரை நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். அவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று என் வீட்டுக்காரர் தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார். “என்னால அப்படி உக்கார முடியாது” என்றார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. வேறு வேலை தெரியாது, வேறு வேலையில் ஆசையும் கிடையாது.

பரிசோதனைக்கு மூன்று மாதம் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அவர் வாய் தவறி ஒரு வார்த்தை சொன்னார். “ஏணி ஏறும்போது முட்டி லேசா வலிக்குது.”

மேசையில் நாங்கள் நான்கு பேர். நான், அவர், நான் அண்ணி என்று கூப்பிடுகிற கீழ்வீட்டில் இருக்கும் அவருடைய அக்கா, என் தம்பி. அவர் சொன்னது ஒரு வாக்கியம். நாங்கள் மூவரும் அதன்மேல் பாய்ந்த வேகத்தில் குழம்புக் கிண்ணம் கவிழ்ந்தது.

“எலும்பு தேஞ்சு போச்சுடா உனக்கு” என்றார் அண்ணி. அண்ணி பள்ளிக்கூடத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் சொன்னால் சொன்னதுதான், அழிக்க முடியாது. “நான் தினம் ரெண்டு வேளை எலும்பு பவுடர் குடிக்கறேன். என்னைப் பாரு.”

பார்த்தோம். அண்ணி மாடிப்படி ஏறும்போது கைப்பிடிக்கம்பி ஆடும்.

“பவுடர்ல என்னம்மா இருக்கு, வெறும் சாக்லேட் வாசனை” என்றான் என் தம்பி. அவன் ஒரு ஜிம்மில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவன். இதுவரை ஒரு கிலோ எடை தூக்கியதில்லை, தூக்குகிறவர்களுக்கு டப்பா விற்பதோடு சரி. “மாமாவுக்கு வைட்டமின் டி கம்மி. எழுதி வெச்சுக்கோங்க.”

“நாள் முழுக்க வெயில்லதாண்டா உக்காந்திருக்கேன்” என்றார் இவர்.

“கண்ணாடிக்குள்ள உக்காந்திருக்கீங்க மாமா. கண்ணாடி வழியா வெயில் வரும், வைட்டமின் வராது.”

அது உண்மைதான் என்று பின்னால் டாக்டரும் சொன்னார். என் தம்பியின் சங்கடமே அது. அவன் சொல்வதில் பாதி உண்மையாக இருக்கும், அதை நம்பி மிச்சப் பாதியையும் வாங்கிவிடுவோம். இரத்தத்தைப் பரிசோதித்துப் பார்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எதற்கு? நாங்கள்தான் மூன்று டாக்டர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோமே.

மறுநாளிலிருந்து அண்ணி காலையும் மாலையும் டம்ளரோடு மாடியேறி வந்தார். பாலில் எலும்பு பவுடர். டின்னில் ஒரு கரண்டி என்றுதான் போட்டிருக்கும். “அது சின்னப் பசங்களுக்கு. என் தம்பி ஆம்பளை” என்று கீழேயே மூன்று கரண்டி கலக்கியிருக்கிறார், எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அது டம்ளரில் சிமென்ட் மாதிரி நின்றது. இவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

அதே வாரத்தில் என் தம்பி ஒரு பெரிய வெள்ளை டப்பாவைக் கொண்டுவந்தான். “வைட்டமின் டி, வெளிநாட்டு சரக்குக்கா. ஜிம்ல எல்லாரும் இதைத்தான் போடறாங்க. நூத்தி இருபது மாத்திரை இருக்கு. எப்படி குடுக்கணும்னு டப்பாவிலேயே போட்டிருக்கு, படிச்சுக்கோ. நீதான் லேபிள் அக்காவாச்சே.”

சிரித்தேன். அன்று ஆலையில் ஒரு ஷிப்ட் முழுக்கத் தேதி முத்திரை தகராறு, கண் பூத்துப் போயிருந்தது. டப்பாவை வெந்நீரில் போட்டேன், லேபிள் சுருண்டு வந்தது, தேய்த்தேன், வழித்துக் குப்பையில் எறிந்தேன். தேன் நிறத்தில் மின்னுகிற மாத்திரைகளைக் கண்ணாடி பாட்டிலில் கொட்டி அலமாரியில் வைத்தேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அந்த அலமாரியில் இருப்பதெல்லாம் அன்றாடம் எடுப்பது. இதையும் அன்றாடம் எடுத்தேன். காலையில் சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுக்கும்போது ஒன்றை வாயில் போட்டு அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து, “முட்டி எப்படிங்க இருக்கு?” என்று கேட்டேன்.

“வலி இல்ல” என்றார்.

“பாத்தீங்களா!” என்றேன். அண்ணியிடமும் அதையே சொல்லியிருக்கிறார், அவர் “பாத்தியா!” என்றிருக்கிறார். என் தம்பி ஜிம்மில் நான்கு பேரிடம் தன் மாமா கதையைச் சொல்லி நான்கு டப்பா விற்றான். வெற்றி மூன்று பேருக்கும் தனித்தனியாகக் கிடைத்தது. ஒருவருடையதை ஒருவர் மதிக்கவில்லை. நான் மாத்திரை கொடுப்பதை அண்ணியிடம் சொல்லவில்லை, சொன்னால் “என் பவுடர் போதாதா” என்று மூஞ்சியைத் தூக்குவார். அண்ணி மூன்று கரண்டி போடுவதை என்னிடம் சொல்லவில்லை. இவரோ, வேண்டாம் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒருவரிடம் சொன்னால் மற்றவர் கட்சி ஜெயித்துவிடும், வீடு இரண்டுபடும். குடிப்பதும் விழுங்குவதும் அவருக்குச் சுலபமாக இருந்தது.

இரண்டாவது மாதம் முடியும்போது மனிதர் தளர்ந்தார். வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் விழுவார். சாப்பாடு இறங்கவில்லை. தாகம், தாகம் என்று செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பார், அதே வேகத்தில் கழிவறைக்கு ஓடுவார். பெரியதற்குப் போனால் உள்ளேயே உட்கார்ந்திருப்பார், ஒன்றும் நடக்காது. காலையில் மேலே கொண்டுபோகும் காலி பாட்டில் ஒன்று மூன்றாயிற்று, பிறகு ஐந்தாயிற்று. சாயங்காலம் அவற்றை நிரப்பிப் பையில் போட்டுத் தோளில் தொங்கவிட்டு அத்தனை உயர ஏணியில் இறங்கி வருவார். மேலே இருப்பவரிடமிருந்து கீழே வருவது இதுதானா என்று கம்பி கட்டுகிறவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

என் தம்பி வந்து பார்த்தான். “பயப்படாதீங்க மாமா. உடம்புல இருக்கற நஞ்செல்லாம் வெளிய போகுது. அதான் இவ்வளவு ஒண்ணுக்கு.”

அண்ணி வந்து பார்த்தார். “சத்து எலும்புக்குள்ள எறங்கும்போது அசதியாத்தான் இருக்கும்.” அன்றிலிருந்து நான்காவது கரண்டி.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? பரிசோதனைக்கு மூன்று வாரம்தான் இருக்கிறதே, ஆள் இப்படித் துவண்டால் எப்படித் தேறுவார் என்று பதறினேன். பதறி, தினம் ஒன்று கொடுத்ததை இரண்டாக்கினேன். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

ஒரு செவ்வாய்க்கிழமை, கம்பிக் கட்டு ஒன்றைப் பதினெட்டாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டிருந்தார். கீழேயிருந்து சைகை சொல்கிறவன் வாக்கி டாக்கியில் “நிறுத்து” என்றான். இவர் நிறுத்தினார், இரண்டு நொடி தாமதமாக. கம்பிக் கட்டு சாரத்தை உரசி நான்கு பலகையைக் கீழே தள்ளியது. நல்ல வேளை, கீழே ஆள் இல்லை. இருபத்தாறு வருஷத்தில் இது முதல் தடவை. சூப்பர்வைசர் மேலே பார்த்துக் கத்தினார். அப்புறம் மிச்சம் இருந்த ஒரு வாரம்கூடக் காத்திருக்காமல் மறுநாளே பரிசோதனைக்கு அனுப்பினார்.

வியாழக்கிழமை ஆலையில் என்னை ஃபோனுக்குக் கூப்பிட்டார்கள். கம்பெனி டாக்டர் பேசினார்.

“உங்க வீட்டுக்காரர நாங்க ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். பயப்படாம வாங்க. அவர் வீட்டுல என்னென்ன சாப்பிடறாரோ, மாத்திரை, பவுடர், டானிக், எல்லாத்தையும் டப்பாவோட எடுத்துட்டு வாங்க. யார் யார் குடுத்தாங்களோ அவங்களும் வரட்டும்.”

அண்ணியையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட, தலை நரைத்த ஓர் அம்மாள். இவர் கட்டிலில் சாய்ந்திருந்தார், கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து, “ஒண்ணுமில்ல” என்றார். உதடு வெடித்திருந்தது.

“ரத்தத்துல கால்சியம் எக்கச்சக்கமா ஏறியிருக்கு” என்றார் டாக்டர். “கிட்னி திணறுது. இதயத் துடிப்பும் சீரா இல்ல. எங்க, என்ன குடுத்தீங்க?”

அண்ணி முதலில் முந்தினார். டின்னைப் பையிலிருந்து எடுத்து, அதன்மேல் ஓடுகிற நரைத்தலை ஜோடியின் படம் டாக்டருக்குத் தெரியும்படி வைத்தார். “சுத்தமான சத்து டாக்டர். நானே கையால கலக்கிக் குடுப்பேன்.”

டாக்டர் டின்னைத் திருப்பினார். படத்தை அவர் பார்க்கவே இல்லை. “ஒரு நாளைக்கு ஒரு கரண்டின்னு போட்டிருக்கு. நீங்க எவ்வளவு போட்டீங்க?”

“நாலு” என்றார் அண்ணி.

“நாலா?”

“ரெண்டு வேளை” என்றார் அண்ணி, இன்னும் சின்னக் குரலில்.

“நாலு கரண்டியா போட்டீங்க?” என்றேன் நான். “எங்கிட்ட சொல்லவே இல்லையே அண்ணி!”

“நீ மாத்திரை குடுக்கறேன்னு எங்கிட்ட சொன்னியா?” என்று திரும்பினார் அண்ணி. “ஒருத்தன் உடம்புக்கு எத்தனை பேரு வைத்தியம் பாக்கறது?”

“ரெண்டு பேரும் சும்மா இருங்க” என்றான் என் தம்பி. “மாத்திரை நல்ல மாத்திரை. ஜிம்ல எல்லாரும் போடறாங்க.”

டாக்டர் கையை நீட்டி எங்களை அடக்கிவிட்டு இவர் பக்கம் திரும்பினார். “நீங்களா எதாவது சாப்பிடறீங்களா?”

இவர் தயங்கினார். கட்டிலுக்குக் கீழே இருந்த தன் வேலைப் பையைக் காட்டினார். டாக்டர் அதிலிருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்தார். எனர்ஜி டிரிங்க். எங்கள் ஆலைச் சரக்கு.

“சைட் கேட் பக்கத்துல பாட்டில் விக்கற மெஷின் இருக்கு” என்றார் இவர், என்னைப் பார்க்காமல். “அசதியா இருந்துச்சு. கண்ணு சொக்குச்சு. மேல தூங்கிட்டா என்ன ஆகறது?”

“எத்தனை?”

“நாலு. ஏறும்போது எடுத்துட்டுப் போயிடுவேன்.”

பாட்டிலின் கழுத்தில் இருந்த எண்ணைப் படித்தேன். பதினாறு வருஷப் பழக்கம், கண் தானாகப் போய்விடும். என் வரிசை, என் ஷிப்ட். பின்பக்கத்தில், கீழிருந்து மூன்றாவது வரியில், ‘ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்’. ஓர் எழுத்துகூட அழியவில்லை. நூல் பிடித்தது போல நேராக இருந்தது.

“இதயம் ஏன் தறிகெட்டு ஓடுதுன்னு இப்ப தெரியுது” என்றார் டாக்டர். “ஆனா கால்சியம் இவ்வளவு ஏற இது காரணமில்ல. பவுடர் மட்டுமும் போதாது. அந்த மாத்திரை எங்க?”

நான் பையிலிருந்து கண்ணாடி பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் தேன் நிறம் மின்னியது. டாக்டர் அதை ஒரு பக்கம் திருப்பினார், மறு பக்கம் திருப்பினார், அடியைத் தூக்கிப் பார்த்தார்.

“இதுல ஒண்ணுமே எழுதலையே?”

“டப்பாவ மாத்திட்டேன் டாக்டர்.”

“டப்பா எங்க?”

“தூக்கிப் போட்டுட்டேன்.”

டாக்டர் என் தம்பியைப் பார்த்தார். அவன் தன் ஃபோனில் தேடி, படத்தை எடுத்து நீட்டினான். அவன் விற்கிற அதே டப்பா. டாக்டர் படத்தை விரலால் பெரிதாக்கினார். பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“எத்தனை நாளைக்கு ஒரு தடவை குடுத்தீங்க?”

“தினம். காலையில. இப்ப ரெண்டு வாரமா ரெண்டு வேளையும்.”

“அக்கா!” என்று என் தம்பி அலறினான். “வாரத்துக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கேக்கா! அம்பதாயிரம் யூனிட்டுக்கா அது! படிச்சுக்கோன்னு சொன்னேனே!”

“நீ வாயால சொல்லியிருக்கலாமேடா” என்றேன்.

“சில வைட்டமின் கூடிப் போனா ஒண்ணுக்குல வெளிய போயிடும்” என்றார் டாக்டர். “இது போகாது. கொழுப்புல தங்கும். நீங்க நிறுத்தினாலும் மாசக்கணக்குல வேலை செஞ்சுட்டே இருக்கும். தாகம், அசதி, மலச்சிக்கல், அடிக்கடி ஒண்ணுக்கு, இதெல்லாம் இதோட வேலைதான்.” பிறகு, கேஸ் நோட்டில் எழுதுவதற்காக, சாதாரணமாகக் கேட்டார். “நீங்க என்னம்மா வேலை பாக்கறீங்க?”

அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் விடை தெரியும். யாராவது எனக்காகச் சொல்லிவிட மாட்டார்களா என்று ஒரு கணம் பார்த்தேன். அண்ணி டின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“லேபிள் சரியா இருக்கான்னு பாக்கற வேலை டாக்டர்.”

டாக்டரின் பேனா நின்றது, அப்புறம் எழுதியது. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

“எதுக்காக ஆரம்பிச்சது இதெல்லாம்?” என்று அவர் இவரிடம் கேட்டார்.

“முட்டி வலி.”

“இப்ப எப்படி இருக்கு?”

“அது அப்பவே போயிடுச்சு டாக்டர். கம்பெனியில குடுத்த புது ஷூ ஒரு சைஸ் சின்னது. மாத்தி வாங்கிட்டேன், ரெண்டாவது வாரமே சரியாயிடுச்சு.”

நாங்கள் மூவரும் அவரையே பார்த்தோம்.

“ஏங்க, சொல்லக் கூடாதா?” என்றேன்.

“ஆளாளுக்கு சந்தோஷமா இருந்தீங்க” என்றார் அவர். “யாரும் ஷூவைப் பத்திக் கேக்கல.”

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். கால்சியம் மெல்ல இறங்கியது. கிட்னியில் ஒரு பங்கு திரும்பியது, ஒரு பங்கு திரும்பவில்லை. “ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம். ஆனா மேல ஏறலாம்னு நான் கையெழுத்து போடுவேன்னு நெனச்சுட்டு இருக்காதீங்க” என்று டாக்டர் நேராகவே சொன்னார். இவர் தலையாட்டினார். வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும், தூரத்தில் கட்டடத்துக்கு மேலே தெரிந்த கிரேனைப் பார்த்தார். அது திரும்பிக்கொண்டிருந்தது. வேறு யாரோ ஓட்டினார்கள்.

வீட்டில் நான் அந்த வாரமே முப்பது பாட்டிலிலும் பேர் எழுதி ஒட்டினேன். பெரிய எழுத்தில், முன்பக்கத்தில். உப்பு, சர்க்கரை, காபிப் பொடி. அண்ணி டம்ளரோடு வருவதை நிறுத்திவிட்டார், வெறுங்கையோடு வரத் தெரியாததால் மாடிக்கே வரவில்லை. என் தம்பி மட்டும் பத்து நாள் கழித்து வந்தான். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கே பாவமாக இருந்தது. பிறகு மெதுவாகப் பையைத் திறந்தான்.

“அக்கா, தப்பா நெனச்சுக்காத. கிட்னியைச் சுத்தம் பண்ண ஒரு மூலிகை ஜூஸ் வந்திருக்கு...”

நான் செருப்பைத் தேடினேன். கையில் கிடைப்பதற்குள் அவன் மாடிப்படி இறங்கிவிட்டான்.

இவருக்குக் கம்பெனி தரையில் ஒரு வேலை கொடுத்தது. சிமென்ட் கிடங்கு வாசலில், அந்தப் பழைய நண்பருக்குப் பக்கத்தில், இன்னொரு ஸ்டூல். ஒருவர் உள்ளே போகிற லாரியை எழுதுவார், இவர் வெளியே போகிற லாரியை எழுதுவார். முதல் நாள் வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் சட்டையெல்லாம் சிமென்ட் தூசியோடு வந்தார். முன்பு சட்டையில் காற்று வாசனைதான் இருக்கும்.

நான் ஓடிப்போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு மாதமாக வாயில் வைத்திருந்தது அப்போது வெளியே வந்துவிடும் போலிருந்தது. அவர் டம்ளரை வாங்கினார். உடனே குடிக்கவில்லை. ஜன்னல் பக்கம் தூக்கி, நான் ஆலையில் பாட்டிலைப் பார்ப்பேனே, அப்படிப் பார்த்தார்.

“வெறும் தண்ணிங்க” என்றேன். “ஒண்ணும் கலக்கல.”

அவர் கோபப்படவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. டம்ளரை என் பக்கம் நீட்டினார்.

“நீ மொதல்ல ஒரு வாய் குடி” என்றார்.

குடித்தேன். நான் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மிச்சத்தை வாங்கி அவர் குடித்தார்.